மழை விடுமுறைப் பிரமாண விசாரம்

ஒரு பொருளின் உண்மையை அறிதற்குரிய கருவிகள் எத்தனை என்னும் வினாவைப் பற்றி நம் நாட்டுத் தருக்க நூலார் நெடுங்காலம் வழக்காடியிருக்கின்றனர். கண்ணாற் காண்பது ஒன்றே பிரமாணம் என்று உலகாயதர் நின்றனர். காட்சியும் அனுமானமும் என இரண்டோடு பௌத்தர் அமைந்தனர். நையாயிகர் நான்கு என்றனர். மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகரத்து அளவைவாதியோ பத்து அளவைகளை வரிசைப்படுத்தி உரைக்கிறான். இப்பெரியோர்களுள் ஒருவரேனும், ஐப்பசி மாதத்து அடைமழைக் காலையில், மணி ஆறரை ஆகிவிட்ட வேளையில், அடுப்பில் இட்டிலிப் பானை கொதிக்க, ஒரு கையில் பாதி பின்னிய சடையும் மறு கையில் கைப்பேசியுமாக நின்றுகொண்டு, ‘இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா?’ என்னும் ஒரே ஒரு பொருளின் உண்மையைத் துணிய வேண்டிய நிலைமையில் இருந்தவர் அல்லர். இருந்திருப்பாராயின் பத்துப் பிரமாணங்களும் ஒரு காலை நேரத்துக்குள் செலவாகிவிடும் என்பதை அவர்கள் கண்டிருப்பர்.

பள்ளியிலிருந்து குடும்பங்களுக்கு வந்து சேரும் செய்திகள் பலவகைப்படும். கட்டணத்தை நினைவூட்டுவது, ஆண்டு விழாவுக்கு அழைப்பது, பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு நாள் குறிப்பது, பேன் தொல்லையைப் பற்றி யாரையும் சுட்டாமல் எல்லாரையும் எச்சரிப்பது முதலியன அவை. இவற்றைப் படிப்பவர் படிப்பர். படியாதவருக்கும் குழந்தை மூலமாக எப்படியோ போய்ச் சேரும். சேராவிட்டாலும் குடி முழுகிப்போவதில்லை. மாவட்டம் முழுவதிலும் உள்ள குடும்பங்கள் ஒரே முகூர்த்தத்தில், ஒரே ஆவலோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்க்கும் செய்தி ஒன்றே ஒன்றுதான். அதுவே மழை விடுமுறை அறிவிப்பு. ஆதலின் ஏனையவற்றை ஒதுக்கி, அதனையே ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டோம்.

தமிழ்நாட்டில் இவ்வறிவிப்பை வெளியிடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரும் அவரே. வட்டாட்சியர்கள் அனுப்பும் மழை விவரம், கல்வி அதிகாரிகள் சொல்லும் பள்ளி வளாகங்களின் நிலை, வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பு ஆகியவற்றைச் சீர்தூக்கி அவர் முடிவு செய்கிறார். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுவதால், 38 மாவட்டங்களுள் பெரும்பாலானவற்றுக்கு இச்சாஸ்திரத்தின் பருவமும் அதுவே. நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளும் கோவை மாவட்டத்து வால்பாறையுமோ தென்மேற்குப் பருவத்து ஆடி மாதத்திலேயே இதில் தேர்ச்சி பெற்றுவிடுகின்றன. வால்பாறை வட்டத்துக்கு மட்டும் விடுமுறை என்னும் செய்தியைச் சமவெளியின் வெயிலில் நின்று வாசிக்கும் கோவை நகரத்துப் பிள்ளைகளின் மனநிலையை விவரிக்கத் தனி நூல் வேண்டும்.

முதலாவது, காட்சிப் பிரமாணம். ஜன்னலைத் திறந்து பார்ப்பது, மழை கொட்டுகிறது, ஆகவே விடுமுறை. அனுபவமற்றவர்கள் இதனையே நம்பிக் கெடுகின்றனர். கண் காண்பது தெருவை, ஆணையோ மாவட்டத்துக்கு. அன்றியும், வானிலை நூலாரின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் கனமழை, 64.4 பெய்தால் அது மிதமான மழையே. மிதமான மழை முழங்கால் வரை ஏறி, செருப்பை அடித்துச் சென்று, பள்ளிப் பையின் அடிப்பாகத்தை நனைத்துச் சமூக அறிவியல் புத்தகத்தைக் கூழாக்கினாலும் அதன் மிதத்தன்மை குறைவதில்லை. மேலும் ஒரு நாளின் மழையைக் காலை 8.30 மணியோடு முடித்து அளப்பது அவர்களுடைய சம்பிரதாயம். அதாவது, இரவு பெய்த மழை சட்டப்படி எவ்வளவு என்பது நிச்சயமாகும் நேரத்தில் குழந்தை வேனில் ஏறி, ஜன்னலோர இடத்துக்காகச் சண்டையிட்டு, தோற்றும் முடிந்திருக்கும்.

காட்சியின் பெருங்குற்றம் இன்னும் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவத்தில் கடலோர மாவட்டங்களில் மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலுமே வலுக்கிறது. கடலிலிருந்து வரும் கீழைக்காற்றை இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து செல்லும் காற்று கரையருகே எதிர்ப்பதால் மேகம் திரண்டு அவ்வேளையிற் பொழிகிறது என்பர். பகலேறியதும் அது தளர்ந்துவிடுகிறது. ஆகவே, ஐந்து மணிக்கு வானம் பொத்துக்கொண்டதைப் பார்த்துக் கொடுத்த விடுமுறை, பத்து மணிக்குப் பளீரென்ற வெயிலிற் கொண்டாடப்படுவது இயற்கையின் நியதியே அன்றி, ஆட்சியர்களைப் பழிவாங்க வருண பகவான் செய்யும் சூழ்ச்சி அன்று. அதை அறியாத பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, “நாங்க படிக்கறப்ப இதுக்கெல்லாம் லீவா விட்டாங்க?” என்று கேட்கிறார்கள். அவர்கள் படித்த காலத்தில் விட்டார்களா என்பதைக் காலை மாநிலச் செய்திக்காக வானொலியைச் சுற்றி அமர்ந்த சிறுவர்கள் அறிவர். அச்சிறுவர்களே இப்போது திண்ணையில் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, அனுமானம். புகை கண்டவிடத்து நெருப்பு உண்டென்பது போல, பக்கத்து மாவட்டத்தில் விடுமுறை கண்டவிடத்து நம் மாவட்டத்திலும் உண்டு என்று துணிவது. தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்துகளில் திருவள்ளூர் வருகிறது. குழந்தையின் முகம் மலர்கிறது. காஞ்சிபுரம் வருகிறது, சீருடையின் மேற்பொத்தான் கழல்கிறது. செங்கல்பட்டு வருகிறது, மற்றொரு பொத்தான். பிறகு விளம்பரம் வந்துவிடுகிறது. மழைக்குச் சென்னையையும் சேர்த்து நான்கும் ஒன்றே. ஆணைக்கு நான்கும் நான்கு. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபின், முன்னர் ஓர் ஆணையில் நனைந்த ஊர்கள் இப்போது இரண்டு ஆணைகளை எதிர்பார்த்து நிற்கின்றன. பல்லாவரத்தில் வீடும் ஆலந்தூரிற் பள்ளியுமாக அமைந்த குழந்தைக்கு வீடு செங்கல்பட்டு மாவட்டம், பள்ளி சென்னை மாவட்டம். அதன் தம்பி பல்லாவரத்திலேயே படிப்பானாயின், ஒருவன் போர்வைக்குள்ளும் மற்றொருத்தி மழைக்கோட்டுக்குள்ளும் இருக்கும் நாள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் வரக்கூடும். அன்றைக்கு அவ்வீட்டில் நிகழும் வாதப் பிரதிவாதங்களை அளவைவாதி கேட்டிருந்தால் நியாயம் என்னும் பொருளையே வேறாக இலக்கணப்படுத்தியிருப்பான்.

அளவைவாதியின் பட்டியலில் ஐதிகம் என்று ஒன்று வரும். இந்த மரத்தில் ஒரு தெய்வம் உறைகிறது என்று யாரோ எக்காலத்திலோ சொன்னதை வழிவழியாகக் கேட்டு நம்புவது அது. அச்சொற்களைச் சொன்னவர் யாரென்று கேட்கலாகாது. கேட்டால் பிரமாணம் கலைந்துவிடும். இதன் இக்கால வடிவம், சென்ற ஆண்டு ஆணையின் படத்தில் தேதியை வெட்டிவிட்டு இந்த ஆண்டு உலவவிடுவது. முத்திரை உண்மை, கையொப்பம் உண்மை, மழை உண்மை, நாள் மட்டும் பொய். அதை அனுப்பியவரும் தமக்கு அனுப்பியவரை நம்பியே அனுப்பினார். அவருக்கு அனுப்பியவரும் அப்படியே. ஐதிகத்தின் மற்றொரு வகைக்குச் சென்னை வானிலை ஆய்வு மையத்தில் பணியாற்றி 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓய்வுபெற்ற எஸ்.ஆர். ரமணன் அவர்களே இலக்காயினார். தொலைக்காட்சியில் அவர் நிதானமான குரலிற் காற்றழுத்தத் தாழ்வு நிலையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, விடுமுறை விடுபவரே அவர்தாம் என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகள் உறுதியாக நம்பி வழிபட்டன. விடுமுறை விடும் அதிகாரம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்பதை எடுத்துச் சொன்னாலும் பக்தர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அருத்தாபத்தியும் அபாவமும் வீட்டு வாசலில் நிகழ்வன. பகலில் உண்ணாதவன் பருத்திருந்தால் இரவில் உண்கிறான் என்று கொள்வது அருத்தாபத்தி. வேன் அண்ணன் ஏழேகாலுக்கு ஒலிப்பானை அடிக்கவில்லையென்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று கொள்வதும் அதுவே. தெருவில் ஒரு சீருடையும் தென்படாமையைக் கண்டு பள்ளி இல்லை என்று கொள்வது அபாவம். இவ்விரண்டும் மாடிப்படியில் நின்று பேசும் இருவரிடையே எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி எழும்பி, உடனே சரிகின்றன என்பதைப் பாருங்கள்:

“அக்கா, வேன் வந்துச்சா?”

“இன்னும் வரலம்மா. எதிர்வீட்டுப் பசங்களையும் காணோம்.”

“அப்ப லீவுதான் போல.”

“நேத்தும் எட்டு மணிக்குத்தான் வந்தான்.”

கடைசி வாக்கியம் ஒன்றே, நைவேத்தியத்துக்கு வைத்த அன்னத்தை நாய் தொட்டாற்போல, முன் மூன்றையும் பயனற்றதாக்கிவிடுகிறது.

ஆக, எல்லாப் பிரமாணங்களும் கைவிட்டபின் எஞ்சி நிற்பது சப்தம், அதாவது நம்பத்தக்கவர் சொல்லாகிய ஆப்தவாக்கியம் ஒன்றே. ஆட்சியரின் ஆணை சொற்செட்டு மிக்கது. பள்ளிகளுக்கு மட்டும் என்பது ஒரு வகை. அப்போது கல்லூரியில் படிக்கும் அண்ணன் மழை நனைக்காத ஜாதி என்று கருதப்படுகிறான். பள்ளி, கல்லூரி இரண்டுக்கும் என்பது மற்றொரு வகை. குறிப்பிட்ட வட்டங்களுக்கு மட்டும் என்பது மூன்றாவது. இவற்றுக்கெல்லாம் மேலாக, மீமாம்சகர்களையும் திகைக்க வைக்கும் நான்காம் வகை ஒன்று உண்டு: வளாகத்தில் நீர் தேங்கியிருப்பதைப் பொறுத்துத் தலைமையாசிரியர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்பது. வேதம் ஒரு விதியைக் கூறாமல், இதைப் புரோகிதரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் வைதிகர் என்ன செய்வாரோ அதனைத்தான் பெற்றோரும் செய்கின்றனர். தலைமையாசிரியரின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கின்றனர். அவ்வேளையில் அவர் தம் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வாக்கியம் பிறந்தால் மட்டும் போதாது. அது சென்று சேரவும் வேண்டும். வகுப்பாசிரியை வாட்ஸாப் குழுவில் ‘டியர் பேரன்ட்ஸ், இன்று பள்ளி விடுமுறை’ என்று எழுதுகிறார். அடுத்த கணத்திலிருந்து நன்றியறிதல் தொடங்குகிறது. ஒருவர் ‘நன்றி மிஸ்’ என்கிறார். ஒருவர் கூப்பிய கைகளை இடுகிறார். ஒருவர் மூன்று கூப்பிய கைகளோடு குடையொன்றும் இடுகிறார். மற்றொருவர், இதுதான் சமயம் என்று, தம் மகனின் கணக்கு நோட்டைப் பற்றி விசாரிக்கிறார். பாற்கடலில் அமுதம் மறைந்தாற்போல மூல வாக்கியம் இவ்வுபசாரங்களுக்கு அடியில் ஆழ்ந்துபோகிறது. பின்னர் விழித்தெழுந்து வரும் தந்தையார், திரையில் வணங்கும் கைகளை மாத்திரம் கண்டு, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்சி, ‘இன்று பள்ளி உண்டா?’ என்று கேட்கிறார். மறுபடியும் விடை, மறுபடியும் நன்றி.

இவ்வாராய்ச்சியில் நகைச்சுவைக்கு இடமில்லாத பகுதி ஒன்று இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆணை முந்தின மாலையே வருவதற்கும் காலை ஏழு மணிக்கு வருவதற்கும் உள்ள இடைவெளி, மேற்சொன்ன இட்டிலிப் பானையோடு முடிவதன்று. 2022-ஆம் ஆண்டு தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோ பொங்கலோ விடியற்காலையிலேயே கிளறப்பட்டுவிடுகிறது. ஏழு மணிக்கு வரும் விடுமுறை அதனை அடுப்பிலேயே நிறுத்திவிடுகிறது. அவ்வுணவை நம்பி வெறும் வயிற்றோடு கிளம்பிய பிள்ளை பாதி வழியில் திரும்புகிறது. வேலைக்குப் போகும் தாய்க்கோ, குழந்தையை யாரிடம் விடுவது என்னும் கேள்வி ஏழு மணிக்குத்தான் பிறக்கிறது. முன்னறிவிப்பு தெளிவாக இருக்கும் நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு முன்பே ஆணையிடும் ஆட்சியர்களும் உண்டு. அவர்களுக்குத் தமிழ்த் தாய்மார்கள் சார்பில் நாம் வணக்கம் செலுத்துகிறோம்.

இனி, எமது சித்தாந்தம். மழை விடுமுறைக்குக் காரணம் மழை என்பது பூர்வபட்சம். அது பொருந்தாது, மழை பெய்தும் பள்ளி நடந்த நாட்கள் உண்டு, வெயில் காய்ந்தும் பள்ளி மூடிய நாட்கள் உண்டு. காரணம் வாக்கியமே. கண் ‘வெயில்’ என்று சாட்சி சொன்னாலும் வாக்கியம் ‘விடுமுறை’ என்றால் அது மழைநாளே. இத்தகைய முழுமையான சப்தப் பிராமாண்யம் வேதாந்திகளின் மடங்களிலும் காணக் கிடைக்காது. மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுப் பெற்றோரிடம் கிடைக்கிறது.

இதற்கு ஆட்சேபம் எழுப்புவோர் ஈடுசெய்யும் வேலை நாளை நோக்குவாராக. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஆண்டுக்கு 200 வேலை நாட்களும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 220 வேலை நாட்களும் வேண்டுமென்று விதித்திருப்பதால், மழையில் கரைந்த நாட்களைச் சனிக்கிழமைகளிற் கட்டி முடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வரும் சுற்றறிக்கையின் வாசகம் இது: வருகிற சனிக்கிழமை பள்ளி செயல்படும், செவ்வாய்க்கிழமைப் பாடவேளை பின்பற்றப்படும். நாட்காட்டியில் அது சனி. கோயிலில் சனீசுவரனுக்கு எள் விளக்கு எரிகிறது. மாமியார் சனிக்கிழமை விரதம் இருக்கிறார். அரசு அலுவலகங்கள் மூடிக் கிடக்கின்றன. ஆயினும் செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சி வகுப்பு உண்டாகையால், தாய் வெள்ளிக்கிழமை இரவே வெள்ளைச் சீருடையைத் தேய்த்து மடித்து, வெள்ளைக் காலணிக்குச் சுண்ணம் பூசி, உலர்வதற்கு ஜன்னலோரத்தில் வைக்கிறாள். வெளியே மறுபடியும் தூறல். அவள் கைப்பேசியை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள்.