பேச்சும் வைத்தியம்தான்

கேள்வி: பட்டாசு ஆலை விபத்தில் தப்பிய என் தம்பி, வெடிச்சத்தம் கேட்டாலே நடுங்குகிறான். உளவியல் ஆலோசகரிடம் கூட்டிப்போனால் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, மாத்திரையே தராமல் அனுப்புகிறாரே?
– வாசகர், திருத்தங்கல்

பதில்: புஸ்வாணத்துக்கும் சங்குசக்கரத்துக்கும் உங்கள் ஊரில் ஒரே கலவையா போடுகிறார்கள்? மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர் வேலை. உளவியலாளர் கையில் இருப்பது பேச்சும் பயிற்சியும்தான். வெறும் பயம் என்றால், தீக்குச்சி உரசும் சத்தத்திலிருந்து படிப்படியாகப் பழக்குவார். அதுவும் தம்பி தயாரான பிறகே. கூட வேலை பார்த்தவர் போய்விட்டாரே என்று உள்ளுக்குள் குமைகிறார் என்றால் வழியே வேறு. எது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஒரு மணி நேரம். நள்ளிரவில் தவித்தால் 14416-ஐ அழையுங்கள்; அதுதான் டெலி மானஸ், அரசின் மனநலத் தொலைபேசி உதவி. 2022 முதல் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். தீபாவளி நெருங்கும்வரை தள்ளிப்போடாமல் தம்பியை இப்போதே தொடர்ந்து அழைத்துப் போங்கள்.