வாயைத் திறக்கச் சொல்பவர்களுக்கு

ஏசி ஹால், பளபளக்கும் பேனர், அதில் கொட்டை எழுத்தில் ‘கம்யூனிகேஷன் அண்ட் லீடர்ஷிப்’. கோட்டு போட்ட பயிற்சியாளர் மேடையேறி, வருங்காலப் பல் மருத்துவர்களை எழுப்பிக் கைதட்ட வைக்கிறார். நோயாளியின் கண்ணைப் பார், புன்னகை செய், பெயர் சொல்லிக் கூப்பிடு. எல்லாம் ஆங்கிலத்தில். மாலையில் சான்றிதழ், குரூப் போட்டோ. மறுநாள் இந்தத் தலைவர்கள் ஓ.பி.யில் உட்கார்ந்து, கிராமத்துப் பாட்டியிடம் “பெயின் கன்டினியூவஸ்ஸா, இன்டர்மிட்டன்ட்டா?” என்பார்கள். பாட்டி “ஆமாங்கய்யா” என்பார். கேஸ் ஷீட்டில் அதுவும் ஏறும்.

என்னைக் கேட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பே வேண்டாம். இறுதியாண்டு மாணவி, படிப்பில் முடித்தாக வேண்டிய முழுப் பல்செட் கோட்டாவுக்காகப் படும் பாட்டைப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், ரேஷன் கடை என்று அலைந்து, ஒரு பல்கூட இல்லாத தாத்தாவைக் கண்டுபிடிக்கிறாள். மகனிடம் பேசி, மருமகளைச் சமாதானப்படுத்தி அழைத்து வருகிறாள். ஒரு நாளில் முடிகிற காரியமா? முதல் அளவு, இரண்டாம் அளவு, தாடைப் பொருத்தம், மெழுகில் வைத்துப் பார்ப்பது, கடைசியில் மாட்டுவது. ஒவ்வொரு முறையும் பஸ் கூலி, டீ, மதியச் சாப்பாடு அவள் கையிலிருந்து. நடுவில் தாத்தா, “இன்னொரு பொண்ணு இருநூறு தர்றேங்குது” என்று இழுத்தால் அதற்கும் ஒரு பேரம். இதைவிடத் தலைமைப் பண்பை எந்த ஐ.ஐ.எம். சொல்லித்தரும்? நோயாளிகளை வரவழைப்பது கல்லூரியின் பொறுப்பு. அதைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு, அவர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று வகுப்பெடுக்கிறார்கள். நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதுச் சட்டமும் வந்தாயிற்று. கோட்டாதான் அசையவில்லை.

வகுப்பில் உருப்படியாகச் சொல்லித்தருவது விற்பனை ஒன்றைத்தான். அதற்கு ‘கேஸ் அக்செப்டன்ஸ்’ என்று நாகரிகமான பெயர். பல்லடைக்க வந்தவரை இம்ப்ளான்ட்டுக்குத் தலையாட்ட வைக்கும் வித்தை. மாவா மென்று மென்று, இரண்டு விரல்கூட நுழையாத வாயோடு வருகிற லாரி டிரைவரிடம் அந்தப் பழக்கத்தை விடச் சொல்லி எப்படிப் பேசுவது? அதற்கு ஸ்லைடு கிடையாது. பில் போட முடியாதே!

நான்கு வருடப் படிப்பும் ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் வேலையும் பழக்குவது வாய் மூடி நிற்க. நோயாளி நாற்காலியில் வாய் பிளந்து கிடக்க, அவர் தலைக்கு மேலேயே மாணவியைத் திட்டித் தீர்க்கும் பேராசிரியர்கள் உண்டு. அப்படிப்பட்ட பேராசிரியரிடம் போய், “சார், ஸ்டெரிலைஸ் செய்த செட் தீர்ந்துவிட்டது” என்று யார் சொல்வது? ரெக்கார்டில் அவர் கையெழுத்து வேண்டுமே.

2023. வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 8 பேர், மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றால் செத்தார்கள். 2025இல் வெளியான ஆய்வு கைகாட்டியது ஒரு சலைன் பாட்டிலை. கிருமி நீக்காத கருவியால் திறந்து, அரைகுறையாக மூடி, அடுத்தவருக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். “இந்த பாட்டில் வேண்டாம், புதுசு எடுங்க” என்று அந்த அறையில் ஒரு குரல் எழுந்து, அது காதில் விழுந்திருந்தால் போதும். அதற்குப் புன்னகையும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம்.

வகுப்பு நடத்தித்தான் தீருவோம் என்றால் நடத்துங்கள். தமிழில் நடத்துங்கள். முதல் வரிசையில் தாளாளரையும் துறைத் தலைவர்களையும் உட்கார வையுங்கள். ‘சார், இது தப்பு’ என்று சொன்ன பிள்ளையின் இன்டர்னல் மார்க்கில் கை வைக்க மாட்டோம் என்று எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு சான்றிதழை அவர்களுக்குக் கொடுங்கள்.