அப்பா வீட்டில் இருந்துகொண்டு ஏ.சி. வாங்குவது எப்படி?

முப்பது வயதைத் தாண்டி, மாதச் சம்பளம் வாங்கி, வருமான வரியும் கட்டி, ஆனாலும் ராத்திரி பத்தரைக்குச் செருப்பை மாட்டினால் "எங்க கிளம்பிட்ட?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியவர்களுக்கான வழிகாட்டி இது. தனி வீடு எடுத்துப் போய்விட்டவர்கள் படிக்க வேண்டாம். அவர்களுக்கு இருப்பது பணப் பிரச்சினை மட்டும்தான். குரோம்பேட்டை, அம்பத்தூர் பக்கம், அப்பா லோன் போட்டுக் கட்டிய வீட்டின் மாடி அறையில் இருப்பவர்களின் கஷ்டமே வேறு. அவர்களிடம் பணம் இருக்கும். அதை எடுத்துச் செலவு செய்யும் தைரியம்தான் கீழ்த்தளத்தில் இருக்கும்.

ஏ.சி. ஓர் உதாரணத்துக்குத்தான். பைக், பல்லுக்குக் கிளிப், வேலையை விடுவது என எதற்கும் இதே முறை பொருந்தும்.

எப்போது ஆரம்பிப்பது?

பிப்ரவரியில். கத்திரி மே 4-ம் தேதி வாக்கில் தொடங்கும், அதற்குள் ஏ.சி. சுவரில் இருக்க வேண்டுமென்றால் மூன்று மாதம் தேவைப்படும். "ஏ.சி. வாங்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பிப்பவர் தோற்றார். வானிலையிலிருந்து தொடங்குங்கள். "மாடி ரூம் இந்த வருஷம் ரொம்பக் காயுதுல்லப்பா?" அப்பா பேப்பரை மடிக்காமலே "ஜன்னலத் தொறந்து வை" என்பார். அன்றைக்கு இத்தோடு போதும்.

மார்ச் நடுவில் அம்மா வழியாக விஷயம் அப்பா காதுக்குப் போகும். அவர் முதலில் விலை கேட்க மாட்டார். "இ.பி. பில் என்ன ஆகும்னு பாத்தியா?" என்றுதான் கேட்பார். இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், தாண்டியதற்கு மட்டும் விலை கூடுவதில்லை. நூறுக்கும் இருநூறுக்கும் நடுவில் ஓடிய யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறும். அப்பாவுக்கு இது ஸ்லாப் வாரியாக மனப்பாடம். கணக்கெடுக்க ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் டார்ச்சோடு மீட்டர் பெட்டி முன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாரத்தில் வாஷிங் மெஷின் கூட ஓடாது.

அடுத்து மாமா போன் செய்வார். 2025 செப்டம்பரில் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது அவருக்குத் தெரியும். "இன்னும் எறங்கும் மாப்ள, அவசரப்படாத" என்பார். மாமா வீட்டில் மூன்று ஏ.சி. ஓடுகிறது என்பதை இந்த இடத்தில் எடுத்துச் சொல்லக் கூடாது.

தவணையில் வாங்கும் யோசனை இருந்தால் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். "சும்மா எவன்டா கடன் குடுப்பான்?" என்பார் அப்பா. ரிசர்வ் வங்கியும் இதில் அப்பா கட்சிதான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டி வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது.

விலை சொல்லும் முறை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை உண்டு: கடை விலை, வீட்டு விலை. ஷூவின் கடை விலை நாலாயிரம் என்றால் வீட்டு விலை ஆயிரத்து ஐந்நூறு. பின்னாலேயே "ஆஃபர்ல போட்டிருந்தான்" என்று சேர்க்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்த பொருளுக்கு உண்மை விலையையே சொல்லலாம், பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கும். டப்பாவில் ஒட்டியிருக்கும் எம்.ஆர்.பி. ஸ்டிக்கரை ஆபீஸிலேயே கிழித்துவிட்டு வாருங்கள். பாதி கிழிந்த ஸ்டிக்கர் முழு ஸ்டிக்கரைவிட ஆபத்தானது. அம்மா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்.

நம் ஏ.சி.யின் கடை விலை 42,000 என்று வைத்துக்கொள்வோம். வீட்டு விலை 31,000. பழைய ஏர் கூலரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். 25,000 என்று சொன்னால் அப்பா பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டு அங்கிளிடம் சொல்வார். அங்கிள் மறுநாள் காலை காபி டம்ளரோடு வந்து, "தம்பி, அதே கடையில அதே ரேட்டுக்கு எனக்கும் ஒண்ணு சொல்லிடேன்" என்பார். மிச்சம் பதினேழாயிரம் உங்கள் கையை விட்டுப் போகும்.

மனசாட்சி உறுத்துகிறதா? கவலை வேண்டாம், வீட்டில் நீங்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. அம்மா தி.நகரில் ஒன்பதாயிரத்துக்கு எடுத்த புடவை வீட்டுக்கு வரும்போது நாலாயிரத்து ஐந்நூறு. அப்பாவின் ஸ்கேன், அதற்கு அவர் பென்ஷனிலிருந்து கட்டியது எவ்வளவு என்பது அவருக்கும் லேப் ரசீதுக்கும் மட்டுமே தெரியும். உங்களிடம் "அது ஏதோ ஃப்ரீ கேம்ப்" என்று முடித்துவிட்டார். நீங்கள் கவலைப்படக் கூடாதென்று அவர்கள் குறைக்கிறார்கள், அவர்கள் கவலைப்படக் கூடாதென்று நீங்கள் குறைக்கிறீர்கள். ஒரு வீட்டுக்கு மூன்று கணக்கு நோட்டு, மூன்றும் பொய். ஆடிட்டர் யாராவது வந்தால் குடும்பத்தோடு உள்ளே போக வேண்டியதுதான். இவ்வளவு பாடுபட்டும் மூன்று பேருக்கும் தூக்கம் வருவதில்லை. மற்ற இரண்டு பேரும் எதையோ மறைக்கிறார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

எஸ்.எம்.எஸ். பிரச்சினை

காலேஜ் ஃபீஸ் கட்ட அப்பாவோடு சேர்ந்து திறந்த ஜாயின்ட் அக்கவுன்ட்டில்தான் இன்னும் சம்பளம் வருகிறதா? பதிவு செய்த நம்பர் அவருடையதா? அப்படியானால் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு நீங்கள் பிரியாணி ஆர்டர் செய்தது கீழே டீப்பாய் மேல் 'டொய்ங்' என்று கேட்டிருக்கும். காலையில் பல் தேய்க்கும்போது விசாரணை.

"நேத்து ராத்திரி முந்நூத்தி எம்பத்தொம்பது ரூபா எதுக்குடா?"

"பசிச்சுதுப்பா."

"அம்மா தோசை ஊத்தினாளே?"

இதற்கு உலகில் பதில் கிடையாது. புது அக்கவுன்ட் திறந்து சம்பளத்தை அதற்கு மாற்றுவதே தீர்வு என்று நிதி ஆலோசகர்கள் சொல்வார்கள். மாற்றுங்கள். ஆறாம் நாள் அப்பா மாடிப்படியில் பாதி ஏறி நின்று கேட்பார்: "ஒரு வாரமா மெசேஜே வரலையே, ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சினை இல்லியே?"

அப்பாவின் நம்பிக்கையைப் பெறுவது

பெற முடியாது. காரணம் தெரிந்துகொண்டால் கோபமாவது குறையும். 24 சதவீதம், 36 சதவீதம் வட்டி என்று தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுத் தெருவெங்கும் பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. பி.எஃப். பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் ஒருநாள் காலையில் பூட்டிய ஷட்டர் முன்னால் நின்றார்கள். முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று 1997-ல் மாநில அரசு தனியாக ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினைந்து வருஷத்தில் கொங்குப் பக்கம் ஈமு கோழி மோசடி வெடித்தது. அப்பாவுடன் வேலை பார்த்த யாரோ ஒருவர் இரண்டிலுமே போட்டிருப்பார். 'ஆப்' என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாவின் கண்ணுக்குத் தெரிவது அந்த ஷட்டர்தான்.

அதனால் அவர் பணம் எல்லாம் ஃபிக்ஸட் டெபாசிட்டில், அதுவும் துண்டு துண்டாக. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் இன்சூரன்ஸ். ஆகவே எந்த வங்கியிலும் நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் போட மாட்டார். 2020 பிப்ரவரிக்கு முன்னால் வரம்பு ஒரு லட்சம்தான். அந்தக் காலத்தில் அவர் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த பாஸ்புக் கட்டு செங்கல் கனம் இருக்கும். வரம்பு ஏறிய சமயத்தில் வீட்டில் பாயசம் வைத்ததாகக் கேள்வி.

பழைய ஆள் என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டிருந்தார்கள் என்று செபி 2024-ல் சொன்னது. அந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால், மாடி அறையில் வியர்ப்பதற்குக் காரணம் வெயில் இல்லை. ஏ.சி. உதவாது.

வாடகைதாரர் ஆவது

வீட்டில் காலணா வாடகை தராமல் இருக்கிறோமே என்று குற்ற உணர்ச்சி உள்ளவர்களுக்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. வீடு அப்பா பெயரில் மட்டும் இருந்து, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், அவருக்கு நிஜமாகவே வாடகை கொடுத்து எச்.ஆர்.ஏ. சலுகை கேட்கலாம். அவர் அதைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போனால் அவருடைய பான் நம்பரும் வேண்டும். பணம் பேங்க் வழியாகப் போவது நல்லது.

பக்கவிளைவையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாத வாடகை ஏறிய அன்று சாயங்காலமே அப்பா வீட்டு ஓனர் ஆகிவிடுவார். ஆணி அடிக்கப் பர்மிஷன் கேட்க வேண்டும். மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடியது என்று பார்ப்பார். ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட்டை எந்தச் சுவரில் மாட்டுவது என்று புதிதாக ஒரு பேச்சுவார்த்தை தொடங்கும். கொடுத்த வாடகையை அப்படியே உங்கள் பெயரில் டெபாசிட் போட்டுவிட்டு அதையும் சொல்ல மாட்டார்.

நெஞ்சு படபடத்தால்

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, பேங்க் ஆப்பைத் திறந்து பேலன்ஸைப் பார்த்து, மூடி, பணம் அதற்குள் எங்காவது போயிருக்குமோ என்று மறுபடி திறப்பவர்கள் பலர். வீட்டில் சொன்னால் முதல் தீர்ப்பு: "கேஸ்." ஓமத் தண்ணி வரும். இரண்டாவது தீர்ப்பு: "கண்ணு பட்டிருக்கு." அம்மா உப்பும் மிளகாயும் கையில் வைத்துச் சுற்றிப் போடுவார். மறுக்காதீர்கள், செலவே இல்லாத வைத்தியம், ஜி.எஸ்.டி.யும் கிடையாது. மூன்றாவது, அப்பாவின் கேள்வி: "உனக்கென்னடா கொறச்சல்?"

கவுன்சலரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், கீழ்ப்பாக்கம் என்ற பெயர் யார் வாயிலும் வராது. ஆனால் எல்லோர் முகத்திலும் வரும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி நம்பருக்கு போன் செய்தால் காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும் பேசலாம். ஜாயின்ட் அக்கவுன்ட்டில் மெசேஜும் வராது. இதை மட்டும் கேலியாகச் சொல்லவில்லை.

எங்கே என்ன இருக்கிறது?

கடைசி வேலை, கஷ்டமான வேலை. அப்பா எந்தெந்த வங்கியில் போட்டிருக்கிறார், நாமினி யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். வாரிசுகள் தேடிப் பார்க்க 'உத்கம்' என்ற இணையதளத்தை 2023-ல் திறக்கிற அளவுக்கு நாடு முழுக்க அப்பாக்கள் வாயைத் திறக்காமலே போயிருக்கிறார்கள். ஆனால் இதைக் கேட்க நல்ல நேரம் என்று ஒன்று இல்லை. சாப்பிடும்போது கேட்டால், "ஏன், நான் எங்கயாவது போறனா?" டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது கேட்டால் அதைவிட மோசம்.

உங்கள் கணக்கை முதலில் போடுங்கள். சம்பளம், கடன், கிரெடிட் கார்டு பாக்கி எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் கடை விலையிலேயே எழுதி டீப்பாய் மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுங்கள். அப்பா அதைப் படிப்பார், சிவப்புப் பேனாவில் கூட்டலைச் சரிபார்ப்பார். இரண்டு வாரம் கழித்து ரப்பர் பேண்ட் கட்டோடு மேலே வந்தாலும் வரலாம். வராமலும் போகலாம்.

அம்மா வந்துவிடுவார். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. பிடிக்க மாதாமாதம் வீட்டுக்கு வருகிற அக்காவிடம் மாதம் 500 வீதம் ஐந்து வருஷமாகக் கட்டிவந்ததாகவும், போன வாரம் முடிந்து வட்டியோடு முப்பத்து நாலாயிரம் கையில் இருப்பதாகவும் சொல்வார். உங்கள் பேப்பரை அவர் பார்த்திருக்க மாட்டார். அது அப்பாவின் பீரோவுக்குப் போயிருக்கும்.

"ஏ.சி. முப்பத்தோராயிரம்னுதானே சொன்ன? இந்தா. மீதி மூவாயிரத்துல எனக்கு ஒரு மிக்ஸி பாத்துடு கண்ணு."

வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மனதில் இருக்கும் மிக்ஸி கடையில் ஐயாயிரத்துச் சொச்சம். ஸ்டிக்கரை ஆபீஸிலேயே கிழித்துவிடுங்கள். வீட்டு விலை: இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மீதி நூறு ரூபாயை மறக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும்.