முறை சொல்லும் மாமா

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரத்தில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இந்த மாமா இருப்பார். ரயில்வேயிலோ தபாலிலோ ஓய்வு பெற்றவர். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து, முடிச்சூரில் தண்ணீர் தேங்குகிற கிரவுண்டு ஒன்றை அந்தக் காலத்து விலைக்கு வாங்கிப் போட்டவர். பக்கத்து நாற்காலிக்காரர் யார் வழி என்று தெரியாமல் பந்தியில் உட்கார மாட்டார்.

"தம்பிக்கு ஊரு?" என்று ஆரம்பிப்பார். ஊரைச் சொன்னால் தெரு, தெருவைச் சொன்னால் குலதெய்வம். சாதியை வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம் என்பது அவர் கொள்கை. குலதெய்வத்துக்குப் பிறகு அதற்குத் தேவையும் இருக்காது.

அவர் கணக்கில் மனிதர்கள் ரெண்டே வகை: பங்காளி, மாமன் மச்சான். பெரியப்பா பிள்ளையும் சித்தி பிள்ளையும் உடன்பிறப்பு. அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் கட்டிக்கிற முறை. அமெரிக்க வக்கீல் லூயிஸ் ஹென்றி மார்கன், செனெக்கா பழங்குடிகளும் தமிழர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி உறவு சொல்வதைப் பார்த்து அசந்துபோய் 1871-ல் தடித்த புத்தகம் போட்டார். 1955-ன் இந்து திருமணச் சட்டம் நெருங்கிய சொந்தத்தில் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு, வழக்கம் இருந்தால் சரி என்று கதவைத் திறந்தே வைத்தது. மாமா இதையெல்லாம் படித்ததில்லை. மார்கனைச் சந்தித்திருந்தால் செனெக்காவில் யார் வீட்டுக்குப் பெண் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்திருப்பார்.

மாமாவின் திறமை தெரிவது காதல் விவகாரத்தில்தான். மகேந்திரா சிட்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் பையனும் பெண்ணும் ஒரே சாதியாக அமைந்துவிட, வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரத்தில் மாமா வருவார். "உங்க சித்தியைக் கட்டினவரு பொண்ணுக்குப் பெரியப்பா. அப்போ இவ உனக்குத் தங்கச்சில்ல!" பையனின் அம்மா அழுவாள். ரெண்டு நாள் கழித்து, காபி பலகாரத்தோடு மறு விசாரணை நடக்கும். "உங்க அப்பாவைப் பெத்தவரும் பொண்ணோட அம்மாவைப் பெத்தவரும் பங்காளிங்க. அந்த வழியில அத்தை மகளாச்சே! எவனோ எப்பவோ முறை தப்பிக் கட்டினதுல வந்த குழப்பம் இது." தீர்ப்பை மாற்றியது புதுச் சாட்சியமா, அதிரசமா என்று யாரும் கேட்பதில்லை. சித்தி வழி அன்றோடு மறக்கப்படும்.

மாமாவைத் திணற வைத்தது சொந்தத் தம்பி மகன்தான். பாட்னாப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். எந்த வழியில் போனாலும் விழுப்புரம் தாண்டவில்லை. கல்யாணத்தில் மாமா மூலையில் உட்கார்ந்து, யாரிடமும் ஊர் கேட்காமல் சாப்பிட்டு எழுந்தார். குழந்தைக்குக் காது குத்து வந்ததும் தெம்பு திரும்பியது. தாய்மாமன் மடி வேண்டுமே! பெண்ணின் தம்பி விமானத்தில் வந்து இறங்கினான். மடியில் பிள்ளையை உட்கார வைத்து, சீர்த்தட்டு எத்தனை என்று கையாலேயே விளக்கினார் மாமா. அவன் நல்ல பிள்ளை. புதிதாகக் கற்ற தமிழில், "சரிங்க அண்ணா" என்றான்.

மாமா பதறிப்போனார். "அண்ணா இல்லப்பா, மாமா! அண்ணான்னு கூப்பிட்டா உங்க அக்கா மாப்பிள்ளைக்கு அத்தை முறையாயிடும்!"