வான்படைக் குழூஉக்குறி: பிள்ளையார்பட்டிக் குளக்கரையில் நிகழ்த்திய ஓர் ஆராய்ச்சி

வேற்றுக் கிரகத்தாரோடு பொருதப்போகும் வருங்காலத் தமிழ்ப் படையினர் கம்பியில்லாக் கருவியின் வாயிலாகத் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்வர் என்னும் விஷயம், தொல்காப்பியர் தொட்டு இன்றுவரை எந்த இலக்கண ஆசிரியராலும் தீண்டப்பெறாமல் கிடக்க, அப்பொறுப்பு கடைசியில் என் தலையில் வந்து இறங்கிற்று. விண்வெளி யுத்தத்தைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கிய என் தங்கை மகன், மூன்றாம் பக்கத்திலேயே தளபதி வாய்திறக்க வேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்துவிட, "அம்மான், ரோஜர், ஓவர் இதுக்கெல்லாம் தமிழ்ல வார்த்தை கட்டிக் குடுங்க" என்று வந்து நின்றான். இரு கரத்தோடும் வலம்புரித் துதிக்கையோடும் குடைவரைக்குள் வீற்றிருக்கும் கற்பக விநாயகரின் ஊர்க்காரனுக்குச் சுழி போடுவதில் என்ன சிரமம்? போட்டுவிட்டேன்.

ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் மறைபொருட் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூலார் வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகாரர் காட்டும் உதாரணங்கள். ஆனால் அச்சொற்கள் அயலானுக்கு விளங்காதிருக்கப் பிறந்தவை. படைச்சொல்லோ, பீரங்கி முழக்கத்தின் நடுவே சொந்த ஆளுக்காவது விளங்க வேண்டுமே என்ற கவலையில் பிறந்தது. 'ரோஜர்' என்பவர் யாரோ ஒரு துரை அல்லர். 'கிடைத்தது' என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லின் முதலெழுத்தைப் பழைய எழுத்துப் பட்டியலில் அப்பெயரால் அழைத்தனர். 1956-இல் சர்வதேசப் பட்டியல் வந்து அவ்வெழுத்துக்கு 'ரோமியோ' என்று பெயர் மாற்றிய பிறகும், ரோஜர் தம் உத்தியோகத்தை விடாமல் நீடிக்கிறார். செய்தி கிடைத்தது என்பதே அவர் பொருள். சொன்னபடி செய்வேன் என்பதற்கு 'வில்கோ' என்று வேறொரு சொல் உண்டு.

இந்நுட்பமான பேதத்தைத் தமிழன் கம்பியில்லாக் கருவிக்கு முன்பே கண்டறிந்துவிட்டான். பாட்டி கதை சொல்லுகையில் பேரன் உம் கொட்டுகிறானே, அது காதில் விழுந்தது என்பதற்கு அத்தாட்சியே தவிர, ராஜகுமாரன் செய்ததை அவன் ஒப்புக்கொண்டான் என்று ஆகாது. ஆகவே ரோஜருக்கு 'உம்' என்றும், வில்கோவுக்கு 'ஆகட்டும்' என்றும் விதித்தேன். மூன்றாவதாக, மேலதிகாரியின் மனம் நோகாமல் கட்டளையை மறுக்கும் 'பார்க்கலாம்' என்னும் சொல்லையும் சேர்த்தேன். இதற்கு ஈடானது மேலை நாட்டுப் படை எதனிடமும் கிடையாது.

பரிசோதனையின்றிச் சாஸ்திரம் இல்லையாதலால், விளையாட்டுக்கடையில் வாங்கிய இரண்டு கருவிகளில் ஒன்றோடு நான் கோயில் குளக்கரையில் நிற்க, மற்றொன்றோடு பையன் வீட்டு அடுப்பங்கரையில் இருந்தான். "சுடட்டுமா?" என்று அவன் கேட்டது எனக்குத் தெளிவாக விழாமற்போகவே "ஆங்?" என்றேன். மெல்லினத்துக்குள் பேதம் காட்ட அக்கருவிக்குத் திராணியில்லை. அது "ஆம்" என்று போய்ச் சேர்ந்தது. நான் வீடு திரும்புமுன் கரைத்து வைத்திருந்த மாவு முழுவதும் வெள்ளைப் பணியாரமாகி ஆறிப்போயிருந்தது. ஆங்கிலப் படையில் சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கேட்பவர் 'ரிப்பீட்' என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. பீரங்கிக்காரர் அகராதியில் அதற்கு இன்னொரு முறை சுடு என்பது பொருள். பணியாரத்தின் பிறகே இவ்விதியின் கௌரவம் எனக்கு முழுதும் விளங்கிற்று. மதராஸ் ரெஜிமென்ட் 'வீர மதராசி, அடி கொல்லு' என்ற முழக்கத்தில் வல்லினத்தை நம்பியிருப்பதும் வீண் அன்று.

'ஓவர்' என்பதை 'முடிந்தது' என்று பெயர்த்தால், யுத்தகளத்தில் அதைக் கேட்டவன் குடும்பத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவான். 'சொல்லு' என்றாலே போதும். 'அவுட்' இதனினும் இக்கட்டானது. விடைபெறுகிறவன் 'போகிறேன்' என்று சொல்வது நம்மவர்க்கு அமங்கலம். 'வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் விண்கலம் 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் புறப்பட, தளத்திலுள்ளோர் அதை வரவேற்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பர். இச்சிக்கலை நான் தீர்க்கவில்லை. நாவலில் இதுவே நல்ல அத்தியாயமாகலாம்.

எண்களிலும் 'ஒண்ணு', 'மூணு' இரண்டும் இரைச்சலில் ஒன்றாய்விடுகின்றன. நெல்லளப்போர் ஒன்று என்பதற்கு 'லாபம்' என்று சொல்லித் தொடங்கும் வழக்கமே இதற்குச் சித்தௌஷதம். நம் பக்கத்தில் மாண்டவர் தொகை லாபம் என்று செய்தி வரும்போது கொஞ்சம் கஷ்டந்தான். எழுத்தைத் தெளிவுறுத்தவோ புதுப் பட்டியலே வேண்டா. அண்டை எழுத்தின் துணையால் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயரிட்ட நம் திண்ணைப் பள்ளி வாத்தியார்கள், 1956-க்கு நெடுங்காலம் முன்பே அவ்வேலையை முடித்துவிட்டனர்.

மற்றச் சொற்களுக்கு நான் செட்டிநாட்டைத் தாண்டவில்லை. முன்னோர் பெயர்களின் தலையெழுத்துகளைக் கோத்து 'விலாசம்' என்று வழங்கி, ரங்கூனிலும் பினாங்கிலும் அதைக்கொண்டே வியாபாரம் நடத்திய நகரத்தார்க்குக் கலங்களை அழைக்கும் அடையாளப் பெயரைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுமா? கடல் கடந்த கொடுக்கல் வாங்கலுக்கு நடுவே அவர்கள் தங்கிய 'கிட்டங்கி' விண்வெளித் தளமாகட்டும், மூன்றாண்டுத் தவணைக்குச் சென்ற 'மேலாள்' தளபதியாகட்டும், 'அடுத்தாள்' உபதளபதியாகட்டும், 'பெட்டியடிப் பையன்' கம்பியில்லாக் கருவியின் முன் உட்காரட்டும்.

முன்னோடி ஒருவரையும் குறிப்பிட வேண்டும். சுஜாதா என்னும் ரங்கராஜன், ராணுவத்துக்கு மின்னணுச் சாதனங்கள் செய்து தரவென்று 1954-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராயிருந்தவர். அவர் 'என் இனிய இயந்திரா'வில் நிலா, சிபி, ஜீனோ என்று இரண்டெழுத்துப் பெயர்களாகச் சூட்டியது அந்தக் கருவிகளின் சகவாசத்தால் நேர்ந்ததே என்பது என் துணிபு. விமர்சகர் வேறு காரணம் கூறக்கூடும். ஆராய்ச்சியாளன் அதற்கெல்லாம் அஞ்சலாகாது.

இவ்வளவையும் சென்ற வெள்ளிக்கிழமை மாலை குளக்கரைப் படியில் உட்கார்ந்து பையனுக்கு முழுமையாக வாசித்துக் காட்டினேன். வாக்கியந்தோறும் அவன் தவறாமல் உம் கொட்டினான்.