பேக்கிங் அண்ணன்

அம்மையார்குப்பத்தில் கரண்ட் போய் விசைத்தறிகள் ஓய்ந்த நேரத்திலும் ஒரு சத்தம் கேட்கிறதென்றால், அது யமஹா ஆர்எக்ஸ் 100. சத்தம் முதலில் வரும், அதன் பிறகு அண்ணன் வருவார், கடைசியாக வரும் புகை வெகுநேரம் தங்கிவிட்டுப் போகும். திருத்தணி, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, எல்லை தாண்டினால் நகரி என்று ஊருக்கு ஒருவராவது இந்த ரகத்தில் தேறுவார். பெயரும் தொழிலும் ஆளுக்கு ஆள் மாறும். சட்டைப்பையில் வெர்னியர் காலிப்பர் இருப்பது மட்டும் மாறாது.

ஆர்எக்ஸ் 100 இந்தியச் சாலைக்கு வந்தது 1985-இல். 1996-இல் உற்பத்தி நின்றது. 98 சிசி, 11 குதிரைத்திறன். தொடக்கத்தில் வந்தவை ஜப்பானிலிருந்து பாகங்களாக இறங்கி இங்கே கோக்கப்பட்டவை. பேக்கிங் அண்ணனைக் கேட்டால் தம்முடைய வண்டியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பார். ஆர்.சி. புத்தகம் 1993 என்று சொல்லும். "ஆர்டிஓ ஆபீஸ்ல தப்பா எழுதிட்டாங்க" என்பார் அண்ணன். இதே மாவட்டத்துச் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பைக் பந்தயங்களை நேரில் பார்த்ததாகவும் சொல்வார். அவர் சொல்லும் வருடத்தைக் கணக்குப் போட்டால் அவருக்கு அப்போது மூன்று வயது.

தறிக்காரரான அவருக்கு இழை அறுந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் காதைத்தான் எஞ்சினுக்கும் கொடுக்கிறார். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் உடனே அடங்காமல் 'ரேஸ்' ஆகி நின்றால் போதும், அண்ணன் முகம் மாறிவிடும். "காத்து இழுக்குது. பேக்கிங் போயிடுச்சு" என்பார். கேஸ்கட் என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஹெட் பேக்கிங், பிளாக் பேக்கிங், சைலன்சர் பேக்கிங் என்று உறவுக்காரர்களைப் போலத்தான் அவற்றைக் கூப்பிடுவார்.

ஊர் சிரிக்கும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எஞ்சின் அண்ணன் பக்கம்தான் நிற்கிறது. நாலு ஸ்ட்ரோக் வண்டியில் பிளாக்குக்கு அடியில் இருக்கும் பேக்கிங் கசிந்தால் ஆயில் ஒழுகும், தரை அழுக்காகும், பெரும்பாலும் கதை அத்தோடு முடியும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் போகிறது, பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு மேலே ஏறுகிறது. கிராங்க் கேஸே இங்கே பம்ப். அந்தப் பம்ப்பில் எங்கே இடைவெளி விட்டாலும், கார்புரேட்டருக்குத் தெரியாமல் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிளக் வெளுக்கும். கடைசியில் பிஸ்டன் உருகிப் பிளாக்கில் ஒட்டும். இதற்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் 'சீஸ்'. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அது நடந்தால் செலவு. அறுபதில் நடந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆளுக்கும் சேர்த்துச் செலவு.

அண்ணன் வண்டியோட்டும் இடமோ தார்ச்சாலை இல்லை. ஏரிக்கரை, குவாரிப் பாதை, கொசஸ்தலை ஆற்று மணல். மணலில் வண்டி மெதுவாகப் போகும், எஞ்சின் வேகமாகச் சுற்றும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. அதனால்தான் எஞ்சின் பிரித்து வேலை செய்யும் நாளில் அண்ணன் தம் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார்.

கடையில் அவர் பேக்கிங் வாங்கும் அழகே தனி.

"கம்பெனி பீஸ் இருக்குதாப்பா?"

"ஒரிஜினல்ணா. ஹோலோகிராம் பாருங்க."

"ஹோலோகிராமும் சேத்து அடிக்கிறானுங்கப்பா."

உறையைப் பிரிப்பார். மடிப்புக் கோடு தெரிந்தால் அப்படியே திருப்பித் தருவார், மடிந்த இடத்தில் நார் உடைந்திருக்கும். தட்டையாக வைத்த பேக்கிங்தான் வேண்டும். நாலு மூலையிலும் கனம் அளப்பார். பிறகு பையிலிருந்து பழைய பிளாக்கையே எடுத்துக் கவுண்டரில் வைத்து, பேக்கிங்கின் ஓட்டைகள் பிளாக்கின் போர்ட்டுகளோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். ஓரம் கொஞ்சம் உள்ளே துருத்தினாலும் கலவை போகும் வழி மறிபடும். பின்னால் நிற்பவர் பிரேக் ஷூ கேட்டு அலுத்து வீட்டுக்கே போய்விடுவார். வெளிச்சந்தைச் சரக்கு எல்லாமே மட்டம் என்ற கட்சி இல்லை அண்ணன். 1956-லிருந்து பேக்கிங் செய்யும் டால்ப்ரோஸ் போன்ற பெயர் என்றால் அரைமனதாகத் தலையாட்டுவார். பெயரே இல்லாத பாலித்தீன் உறை என்றால் தொடவே மாட்டார். திருத்தணியில் கிடைக்காவிட்டால் ரயிலேறி சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போவார். போகவர ஆன செலவு பேக்கிங் விலையைத் தாண்டும். அந்தக் கணக்கை அவரிடம் யாரும் பேசக்கூடாது.

அவருடைய பரம எதிரி காலண்டர் அட்டை. சில மெக்கானிக்குகள் அட்டையைக் கிராங்க் கேஸ் மேல் வைத்து, உருண்டை முகச் சுத்தியால் ஓரத்தைத் தட்டித் தட்டியே பேக்கிங் வெட்டிவிடுவார்கள். கைவேலை அற்புதம்தான். அட்டைதான் பிரச்சினை. ஆயில் குடித்து ஊறும், அமுங்கும், போல்ட் தளரும். கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய பிளாக் பேக்கிங்கை ஒரு முறை பார்த்த அண்ணன், "பத்திரிகை வச்சா கல்யாணம் நடக்கும், வண்டி நடக்காது" என்று தீர்ப்புச் சொன்னார். சிலிக்கான் பேஸ்ட்டைப் பிதுக்கிப் பூசுகிறவர்களையும் மன்னிக்கமாட்டார். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊதிப் பிய்ந்து, துணுக்குகளாகப் போர்ட்டுக்குள் போகும்.

கனத்திலும் அவருக்குக் கணக்கு உண்டு. கனமான பிளாக் பேக்கிங் வைத்தால் பிளாக் உயரும், போர்ட்டுகள் சீக்கிரம் திறக்கும். மேல் வேகம் கூடும், ஆனால் கரையேறும்போது வேண்டிய 'புல்லிங்' குறையும். மெல்லியதாக வைத்தால் புல்லிங் கூடும், ஆனால் பிஸ்டன் ஹெட்டை நெருங்கும். எவ்வளவு நெருங்குகிறது என்று அறிய, பிளக் ஓட்டை வழியே சால்டரிங் ஈயக்கம்பியை விட்டு, கிக்கரை மெல்ல மிதித்து, நசுங்கிய கம்பியை அளப்பார். ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் அன்று வீட்டில் எல்லோருக்கும் பரோட்டா. செம்பு ஹெட் பேக்கிங் என்றால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மென்மையாக்கித் திரும்ப மாட்டுவார். கண்ணாடித் தகட்டில் எமரி காகிதம் ஒட்டி, ஹெட்டை எட்டுப் போட்டுத் தேய்த்துச் சமன்படுத்துவார். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார்.

கடைசியில் நடப்பது மருத்துவப் பரிசோதனை. கார்புரேட்டர் வழியையும் சைலன்சர் வழியையும் ரப்பரால் அடைத்து, அம்மாவுக்கு வாங்கிய பிரஷர் கருவியின் குழாயை மாட்டி, 300 வரை ஏற்றுவார். டூ ஸ்ட்ரோக் நிபுணர்கள் சொல்லும் 6 பிஎஸ்ஐ ஏறக்குறைய அதுதான். ஆறு நிமிடம் முள் இறங்கக்கூடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி தேடுவார். பல நேரம் குற்றவாளி பேக்கிங்காகவே இருக்காது. மேக்னெட் பக்கத்து ஆயில் சீல் கிழிந்திருக்கும். அப்போது அண்ணன் பேக்கிங்கை நிரபராதி என்று அறிவித்து அதன் தலையில் செல்லமாகத் தட்டுவார். இத்தனைக்கும் தமக்குப் பிரஷர் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. மொட்டை மாடியில் ஒழுகும் இடத்துக்கு மூன்று மழைக்காலமாக வாளிதான் காவல்.

வீட்டில் இதற்கு வேறு பார்வை உண்டு.

"இன்னாங்க, குக்கருக்கு ஒரு கேஸ்கட் வாங்கியாங்கன்னு ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடியே சொன்னேன்."

"அது பிராண்டு பாத்து வாங்கணும்மா."

"வாங்கணும், வாங்கணும். ரயிலேறிப் போயி வண்டிக்கு மட்டும் வாங்கியாறீங்க."

அண்ணன் குக்கர் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரப்பர் இறுகிவிட்டது, விளிம்பிலும் வளைவு இருக்கிறது என்று நோய் கண்டுபிடித்துச் சொல்வார். நோய் சொன்னதோடு மருத்துவர் கடமை முடிந்தது. குக்கர் விசில் அடிக்காமல் சீறிக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டுக்காரர்தான் கடைசியில் வாங்கி வந்து கொடுப்பார்.

பழைய ஆர்எக்ஸ் இன்று லட்சத்தைத் தாண்டியும் விலை போகிறது. வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டில் மயங்க வேண்டாம். எஞ்சின் சூடாகும் முன் ஸ்டார்ட் செய்து, பிளாக் அடியிலும் கார்புரேட்டர் சேரும் இடத்திலும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் காற்று இழுக்கிறது, விலையைக் குறைத்துப் பேசுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், காப்பி நிறம் நல்லது, வெளுப்பு ஆபத்து. முடிந்தால் உங்கள் ஊர் பேக்கிங் அண்ணனையும் கூட்டிப் போங்கள். கூலி ஒரு டீ, ஒரு போண்டா. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்ப வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.