பூநகரிப் பெடியன் அமெரிக்க முன்வரிசைக்குப் போக ஏழு படிகள்

பூநகரியில் ஒரு பெடியன் உயரமும் பருமனுமாக வளர்ந்துவிட்டால் ஊர் அவனுக்கு மூன்று பதவிகளை உடனே கொடுத்துவிடும். கலியாண வீட்டில் கிடாரம் இறக்குவது, சேற்றில் புதைந்த உழவு இயந்திரத்தைத் தள்ளுவது, பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் கயிற்றின் கடைசியில் நிற்பது. மூன்றுக்கும் சம்பளம் கிடையாது; மிஞ்சிப் போனால் ஒரு சோடா. இதே உடம்புக்கு அமெரிக்காவில் ஆண்டுக்குப் பல மில்லியன் டொலர் கொடுக்கிறார்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துச் செய்தியெல்லாம் ஓடி வந்துவிடுகிறது. இந்தச் செய்தி மட்டும் இன்னும் பாலம் தாண்டவில்லை.

ஆகவே தம்பி, அமெரிக்கன் ஃபுட்போலில் முன்வரிசைக்காரராக வர விரும்பினால் பின்வரும் படிகளை ஒழுங்காகப் பின்பற்றும்.

படி 1: பந்தை மறந்துவிடும்

இது எங்கள் உதைபந்தாட்டம் இல்லை. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணியின் முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்ரர், அவருக்கு இருபுறமும் கார்ட், இரண்டு அந்தங்களிலும் டாக்கிள். சென்ரர் தன் கால்களுக்கு இடையால் பந்தைப் பின்னுக்குக் கொடுப்பார். அதோடு ஐவருக்கும் பந்துக்கும் உள்ள உறவு முடிந்தது. பின்னால் நிற்கும் குவார்ட்டர்பக் அதை யாருக்கு எறியலாம் என்று யோசிக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிக்கு, எதிரணிக்காரர் அவரை நெருங்காமல் நீர் மறிக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை குனிந்து நிற்க வேண்டும்.

உமது இலக்கம் 50க்கும் 79க்கும் இடையில் இருக்கும். அந்த இலக்கக்காரர் முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கத் தகுதியற்றவர் என்பது சட்டம். ஆசை மிஞ்சினால், அந்தத் தடவை தொடங்குமுன் நடுவரிடம் போய் ‘இம்முறை நான் தகுதியுள்ளவன்’ என்று அறிவிக்க வேண்டும். கிராம சேவகரின் கடிதம் கேட்பதில்லை என்பது மட்டும் ஆறுதல்.

படி 2: சாப்பிடும்

தொழில் முறையில் நிற்பவர்களுக்கு 136 கிலோ என்பது சாதாரண நிறை. மொட்டைக்கறுப்பன் சோறு நல்ல அத்திவாரம். ஒடியல் கூழைக் கிண்ணத்தில் அல்ல, சட்டியில் குடிக்க வேண்டும். கடலுணவுக்கு ஊரில் பஞ்சமில்லை. அம்மம்மா மகிழ்ச்சியில் கண்ணீர் விடுவா. இரண்டாம் மாதம் கடைக்காரர் கொப்பியைக் காட்டும்போது அப்பாவும் கண்ணீர் விடுவார்.

வெறும் கொழுப்பு போதாது. தொழில்முறை அணிகள் ஆட்களைத் தெரிவு செய்யுமுன் இண்டியானாபொலிஸ் நகரத்தில் சோதனை நடக்கும். 102 கிலோ பாரத்தை, அதாவது இரண்டு சீமெந்து மூட்டைக்குச் சற்று மேல், மல்லாந்து படுத்தபடி எத்தனை தடவை உயர்த்துகிறீர் என்று எண்ணுவார்கள். அதன்பின் 40 யார் ஓடச் சொல்வார்கள். அந்த உடம்போடு ஐந்து விநாடியை ஒட்டி ஓடி முடித்தால் மதிப்பு. ஓடுவதற்கு நாய் துரத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே எல்லாம் சுயமுயற்சி.

படி 3: புகழை எதிர்பாராதேயும்

பூநகரியில் கடலோரமாக உவர்நீர்த் தடுப்பணைகள் உண்டு. வயல் நன்றாக விளைந்தால் அணையைப் பற்றி எவரும் கதைப்பதில்லை. ஒரு மாரியில் உவர்நீர் உள்ளே வந்துவிட்டால்தான் ‘உதைக் கட்டினவன் ஆர்?’ என்ற கேள்வி எழும். முன்வரிசைக்காரரின் தொழில் நிலைமையும் அதுதான். ஆட்டம் முழுக்கச் சரியாக நின்றால் உமது பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது.

பிழை விட்டால் நிலைமை வேறு. எதிராளியின் சட்டையை வெளிப்பக்கமாகப் பிடித்து இழுத்தால் 10 யார் தண்டம். சமிக்ஞைக்கு முன் ஒரு விரற்கடை அசைந்தாலும் 5 யார். நடுவர் மைதான நடுவில் நின்று, ஒலிவாங்கியில், உமது குற்றத்தையும் முதுகு இலக்கத்தையும் அரங்கம் முழுவதற்கும் அறிவிப்பார். பெரும்பாலான முன்வரிசைக்காரர் தங்கள் இலக்கத்தை ஒலிபெருக்கியில் கேட்பது இந்தச் சந்தர்ப்பத்தில்தான். ஆகவே உறவினரைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கூட்டி இருத்த வேண்டாம்.

இடது டாக்கிளுக்குப் பொறுப்பு இன்னும் கூட. வலக்கையால் எறியும் குவார்ட்டர்பக்குக்கு இடது பக்கம் முதுகுப்புறம். அங்கிருந்து வருபவரை அவர் காணமாட்டார். 1985 நவம்பரில் வோஷிங்டன் அணியின் குவார்ட்டர்பக் ஜோ தைஸ்மனை நியூயோர்க் ஜயன்ற்ஸின் லோறன்ஸ் ரெய்லர் மடக்கியபோது, நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கத் தைஸ்மனின் கால் முறிந்தது. அவர் மறுபடி ஆடவில்லை. ரெய்லர் போன்றவர்களுக்குப் பயந்துதான் இடது டாக்கிளின் சம்பளம் ஏறியது என்று 2006இல் மைக்கேல் லூயிஸ் ஒரு புத்தகமே எழுதினார். பிறருடைய காலுக்கு வரும் ஆபத்தில் உமது சம்பளம் உயரும் என்பதை மனத்தில் வைத்திரும்.

படி 4: பாதையைக் கண்டுபிடியும்

வழமையான பாதை இது: அமெரிக்க உயர்நிலைப் பள்ளி, பிறகு புலமைப்பரிசிலோடு பல்கலைக்கழகம், பிறகு என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் 32 அணிகள் ஏழு சுற்றுகளாக ஆட்களைத் தெரிவு செய்யும் நிகழ்வு. இதற்கு அமெரிக்காவில் பிறந்திருப்பது வசதி. பிறக்கவில்லை என்றால் குறுக்குப் பாதைகள் உண்டு.

முதலாவது, கொழும்பு. சிரிக்க வேண்டாம். 2012இல் இந்தியாவின் எலைற் ஃபுட்போல் லீக் சுகததாச அரங்கில் ஆட்டங்களை நடத்தியது. கொழும்பு லயன்ஸ் என்று ஓர் அணியும் இருந்தது. லீக் நிலைக்கவில்லை. ஆகவே அந்தப் பாதையில் இப்போது பஸ் ஓடுவதில்லை.

இரண்டாவது, றக்பி. அவுஸ்திரேலியாவில் சமோவக் குடும்பத்தில் பிறந்த ஜோர்டன் மைலாற்றா 6 அடி 8 அங்குலம், 150 கிலோவுக்கு மேல். றக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டம் ஒன்றுகூட ஆடியிராத அவரை 2018இல், கடைசிச் சுற்றில், 233ஆவது ஆளாக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்தது. இடது டாக்கிளாக நின்று 2025 பெப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சுப்பர் போல் வென்றார்.

மூன்றாவது, கனடாச் சித்தப்பா. ஃபிஜியில் பிறந்து கனடாவில் வளர்ந்த பொபி சிங் கார்ட்டாக நின்றவர். 2000 ஜனவரியில் சுப்பர் போல் வென்ற சென் லூயிஸ் ராம்ஸ் அணியில் இருந்தார். 2001இல் எக்ஸ்.எஃப்.எல். லீக்கை வென்ற லொஸ் ஏஞ்சல்ஸ் அணியிலும், அதே ஆண்டு கனடாவின் கிறே கிண்ணம் வென்ற கல்கரி அணியிலும் இருந்தார். எங்கள் நிறத்து ஆள் ஒருவர் மூன்று லீக்கில் வெல்லலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஸ்கார்பரோச் சித்தப்பாவிடம் கேட்டால் ‘முதல்ல படி’ என்பார். அதற்குத்தான் அடுத்த படி.

படி 5: வீட்டாரைச் சமாளியும்

டொக்டராகச் சொல்வார்கள். ஆகிவிடும். கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் அணியின் கார்ட் லோறன் டுவேர்னே-தார்டிஃப் 2018இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார், 2020 பெப்ரவரியில் சுப்பர் போல் வென்றார். கொரோனா வந்ததும் அந்த ஆண்டின் ஆட்டங்களை விட்டுவிட்டுக் கியூபெக்கில் முதியோர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தார்.

கணிதம் படிக்கச் சொன்னால் அதையும் செய்யும். பல்ற்றிமோர் ரேவன்ஸ் அணியின் கார்ட் ஜோன் அர்ஷல் ஆடிக்கொண்டே எம்.ஐ.ரி.யில் கணித ஆய்வு தொடங்கினார். இன்று அங்கேயே பேராசிரியர். இனி எந்த அப்பாவும் ‘விளையாட்டால் படிப்புக் கெடும்’ என்று சொல்ல முடியாது. சொல்வார், அது வேறு.

படி 6: தோற்கும் அணிக்குத் தயாராகும்

நீர் எவ்வளவு நன்றாக நின்றாலும் அணி வெல்லும் என்று உத்தரவாதம் இல்லை. கிளீவ்லன்ட் பிரௌன்ஸ் அணியின் இடது டாக்கிள் ஜோ தோமஸ் 2007 தொடக்கம் 2017இல் காயப்படும் வரை ஒரு தடவைகூட வெளியே இருக்காமல், தொடர்ச்சியாக 10,363 தடவை நின்றார். அவர் காத்த முதுகுகள் மாறிக்கொண்டே இருந்தன. அணி பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தது. இறுதிச் சுற்றுப் போட்டி ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. 2023இல் புகழ்க் கூடத்தில் சேர்த்தார்கள். பத்தாயிரம் தடவை சரியாக நின்ற பிறகுதான் ஒருவருடைய பெயரை ஒலிபெருக்கியில் நல்லதற்காகச் சொல்கிறார்கள்.

படி 7: இறங்கும் நேரத்தைத் தெரிந்துகொள்ளும்

இந்தப் படியில் பகிடி குறைவு. ஒவ்வொரு தடவையும் தலை சிறிதாக மோதும். பெரிய அடியாக எவர் கண்ணிலும் படாது. பிற்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸின் சென்ரர் மைக் வெப்ஸ்ரர் நான்கு சுப்பர் போல் வென்றவர். 17 பருவங்கள் ஆடினார். 2002இல் 50 வயதில், மறதியும் குழப்பமுமாக அலைந்து இறந்தார். அவருடைய மூளையில்தான் டொக்டர் பெனெற் ஒமாலு, தொடர் மோதல்களால் வரும் சி.ரி.ஈ. நோயை இந்த விளையாட்டுக்காரர்களிடையே முதன்முதலில் கண்டார். 2017 ஜூலையில் பொஸ்ரன் ஆய்வாளர்கள், தங்களிடம் தானமாக வந்த 111 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரரின் மூளைகளில் 110இல் அது இருந்ததாக அறிவித்தார்கள். சந்தேகம் இருந்த குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்தன என்பதால் எல்லா ஆட்டக்காரருக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அறிக்கை வந்து இரண்டு நாளில், 26 வயதில், மூன்று பருவம் மட்டும் ஆடிய அர்ஷல் விலகினார். கணக்குத் தெரிந்தவர்.

ஆகவே தம்பி, பெயர் வேண்டும் என்றால் பந்தோடு ஓடுகிற வேலையைப் பாரும். பின்னால் நிற்பவன் விழாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற ஆள் என்றால் தாராளமாக விண்ணப்பியும். உடம்பைக் கொடும், நிறையைக் கூட்டும், முடிந்த பிறகு குறைத்துவிடும். தலையை மட்டும் நீண்ட காலக் குத்தகைக்கு விட வேண்டாம்.